மேசையின் கீழே ஒரு மௌன மொழி



வானொலி செவிக்குரிய சாதனம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ செவிக்கு எட்டாதது, ஓசையே இல்லாதது. மேசைப்பந்தாட்டப் போட்டி ஒன்றின் நேர்முக வருணனையை நீங்கள் கேட்டிருப்பின், பந்து மேசையில் மோதும் ஒலி, மட்டையிற் படும் ஒலி, நடுவர் புள்ளிகளை எண்ணும் குரல், கூட்டத்தினரின் ஆரவாரம் ஆகிய யாவும் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஆயினும், இரட்டையர் ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் பந்து எழுவதற்குச் சற்று முன்னர் ஒரு சிறு உரையாடல் நிகழ்கின்றது. அது எந்த ஒலிவாங்கியிலும் விழுவதில்லை. ஆட்டத்தைத் தொடக்கப்போகும் வீரர் மேசையின் விளிம்புக்குக் கீழே கையைத் தாழ்த்தி, இரண்டொரு விரல்களை நீட்டியோ மடக்கியோ காட்டுகின்றார். அருகில் நிற்கும் துணைவர் அதனைப் பார்த்துத் தலையசைக்கின்றார். ஒரு கணத்தில் முடிந்துவிடும் இவ்வுரையாடல் ஏன் எழுந்தது, அதன் பின்னே உள்ள வரலாறு யாது, அது நமக்கு உணர்த்துவது யாது என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

விரலாற் பேசுவது மனிதருக்குப் புதியதன்று. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற் பயணஞ் செய்த தவேர்னியே என்னும் பிரெஞ்சு இரத்தின வணிகர், வைரச் சுரங்கப் பகுதியிலே தாம் கண்ட ஒரு பேரத்தை எழுதிவைத்துள்ளார். வாங்குவோரும் விற்போரும் எதிரெதிரே அமர்வர். இடைக்கச்சையின் துணியால் இருவர் கைகளும் மூடப்படும். துணிக்குள்ளே முழுக்கையையும் பற்றினால் 1000. ஐந்து விரல்களை மட்டும் பற்றினால் 500. ஒரு விரலைப் பற்றினால் 100. விரலின் நடுக்கணு வரை பற்றினால் 50. நுனியை மட்டும் பற்றினால் 10. சுற்றிலும் பலர் கூடியிருப்பர். பேசப்பட்ட விலையோ அவ்விருவரைத் தவிர வேறெவருக்கும் தெரியாது. தமிழகத்து மாட்டுச் சந்தைகளிலும் துண்டினாற் கையை மூடி, விரலைப் பிடித்து விலைபேசும் தரகரைக் கண்டவர்கள் நம்மிடையே உளர்.

பலர் கூடியுள்ள இடத்தில் இருவர் மட்டும் ஒரு செய்தியை அறிந்துகொள்ள வேண்டும் என்ற தேவை எழும்போது, நாவின் தொழிலை விரல் ஏற்கின்றது. மேசைப்பந்தாட்டத்திலும் இத்தேவையே விரலைப் பேச வைத்தது. ஆனால் அத்தேவை ஆட்டம் பிறந்த நாளிலேயே முழு வளர்ச்சியோடு வந்ததன்று. படிப்படியாக வளர்ந்தது.

இவ்வாட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வசதிபடைத்த இல்லங்களிலே, இராப்போசனத்தின் பின் உணவு மேசையில் ஆடப்பட்ட ஒரு பொழுதுபோக்காகத் தொடங்கிற்று. 1900ஆம் ஆண்டையொட்டி இலேசான செலுலோயிட் பந்து புழக்கத்துக்கு வந்ததும் அது ஒரு மோகமாகப் பரவிற்று. 1926ஆம் ஆண்டில் சர்வதேச மேசைப்பந்தாட்டச் சம்மேளனம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு திசெம்பரில் லண்டன் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. ஆண்கள் இரட்டையர் ஆட்டமும் கலப்பு இரட்டையர் ஆட்டமும் அந்த முதற் போட்டியிலேயே இடம்பெற்றன. பெண்கள் இரட்டையர் ஆட்டம் 1928இல் வந்து சேர்ந்தது.

இரட்டையர் ஆட்டத்தின் விதியை இங்கு நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். டெனிஸ் ஆட்டத்தில், தொடக்கப் பந்துக்குப் பிறகு, இரு துணைவரில் எவரும் எந்தப் பந்தையும் அடிக்கலாம். மேசைப்பந்தாட்டத்தில் அவ்வாறன்று. ஒருவர் ஒரு முறை அடித்தால், அடுத்த முறை அவருடைய துணைவரே அடித்தல் வேண்டும். முருகனும் கந்தனும் ஒரு பக்கம் ஆடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முருகன் பந்தைத் தொடக்கி அனுப்புகின்றான். எதிரணியில் ஒருவர் அதனைத் திருப்புகின்றார். திரும்பி வரும் பந்தைக் கந்தனே எதிர்கொள்ள வேண்டும். முருகன் விதைத்ததைக் கந்தன் அறுக்கின்றான்.

அடுத்து, மேசையின் அளவைக் கவனியுங்கள். மேசையின் நீளம் 2.74 மீற்றர், அகலம் 1.525 மீற்றர். ஒற்றையர் ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்தின் முழு அகலத்திலும் எங்கு வேண்டுமாயினும் தொடக்கப் பந்தை இடலாம். இரட்டையர் ஆட்டத்திலோ, தம் பக்கத்து வலப் பாதியிலிருந்து எதிர்ப்பக்கத்து வலப் பாதிக்குக் குறுக்காக மட்டுமே இட வேண்டும். அதாவது, பந்து விழவேண்டிய பரப்பு பாதியாகக் குறைகின்றது. எங்கே விழும் என்பது எதிரிக்கு ஏறக்குறைய முன்னரே தெரியும். ஆதலின் இடத்தை மாற்றி ஏமாற்றும் வழி பெரிதும் அடைபட்டுப் போகின்றது. எஞ்சி நிற்பவை இரண்டே: பந்து குறுகி விழுவதா நீண்டு விழுவதா என்பது ஒன்று, பந்தின் சுழற்சி மற்றொன்று.

சுழற்சிதான் இங்கே முதன்மையானது. கீழ்ச்சுழற்சியுடன் வரும் பந்தைச் சாதாரணமாகத் தொட்டால் அது வலையில் விழும். மட்டையைச் சாய்த்துக் கீழே வெட்டித் தள்ள வேண்டும். அவ்வாறு தள்ளப்பட்ட பந்து தாழ்வாகவும் சுழற்சியுடனும் திரும்பி வரும். கந்தன் அதனைத் தூக்கி அடிக்க ஆயத்தமாதல் வேண்டும். ஆனால் முருகன், கீழ்ச்சுழற்சி கொடுப்பவன் போலக் கையை அசைத்து, உண்மையில் சுழற்சியே இல்லாத பந்தை அனுப்பினால் என்ன நிகழும்? எதிரி வழக்கம்போல் வெட்டித் தள்ளுவார். பந்து உயர எழும். அந்த உயர்ந்த பந்து கந்தனுக்கு ஒரு பெருவிருந்து. ஆனால் விருந்து வருகின்றது என்பதை அவன் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். அறியானாயின், எதிரி ஏமாந்தது போலவே அவனும் ஏமாறுவான். பந்து போய்த் திரும்ப ஒரு விநாடிதானும் ஆவதில்லை. அதற்குள் சிந்தித்து முடிவுசெய்ய அவகாசம் ஏது? எனவே சிந்தனை பந்துக்கு முந்தியே நடந்து முடிதல் வேண்டும். அதற்காகவே விரல் பேசுகின்றது.

1930ஆம் ஆண்டுகளில் ஹங்கேரி நாட்டவர் இவ்வாட்டத்தில் ஈடிணையின்றி விளங்கினர். விக்டர் பார்னா என்பவர் ஆண்கள் இரட்டையர் உலகப் பட்டத்தை 8 முறை வென்றார். அவற்றுள் 6 முறை அவருக்குத் துணையாக நின்றவர் மிக்லோஸ் சபாடோஸ். அக்காலத்து மட்டை, மரத்தின் மீது சிறு முளைகளையுடைய இறப்பர் ஒட்டப்பட்டது. அது தந்த சுழற்சி அளவானது. நெடுங்காலம் சேர்ந்து ஆடிய இருவர், ஒருவர் தோளசைவைக் கண்டே மற்றவர் கருத்தை உணர்ந்துகொள்ள இடமிருந்தது.

ஆயினும் அக்காலத்திலேயே ஒரு புதுமை தலைகாட்டிற்று. அமெரிக்க வீரர் சிலர், பந்தைக் கைவிரல்களால் முறுக்கிச் சுழலவிட்டு, அச்சுழற்சியோடு மட்டையினால் அடித்து அனுப்பும் வித்தையைக் கையாண்டனர். பந்து எத்திசையில் துள்ளும் என்பதை எவரும் ஊகிக்க முடியவில்லை. ஆட்டமே சிதைந்துவிடும் என்ற அச்சம் தோன்றிற்று. 1937இல் சம்மேளனம் அதனைத் தடைசெய்தது. பந்து விரித்த உள்ளங்கையில் தங்கியிருக்க வேண்டும், விரல்கள் அதனை முறுக்குதல் ஆகாது என்பது விதியாயிற்று. இன்றும் அவ்விதி நிலைத்துள்ளது. மேசைக்கு மேலே விரலுக்கு வேலை இல்லை என்றாயிற்று.

அதன்பின் மட்டையில் ஒரு பெரும் மாற்றம் நேர்ந்தது. 1952ஆம் ஆண்டில் உலகப் போட்டி முதன்முறையாக ஆசியாவில், பம்பாய் நகரில் நடைபெற்றது. யப்பான் நாட்டிலிருந்து வந்த ஹிரோஜி சாத்தோ என்பவர், தடித்த பஞ்சு போன்ற இறப்பர் பூசிய மட்டையோடு களத்தில் இறங்கி ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அம்மட்டையிற் பந்து படும்போது ஓசை எழவில்லை. ஓசையைக் கேட்டே பந்தின் வேகத்தை மதிப்பிட்டுப் பழகிய ஐரோப்பிய வீரர்கள் திகைத்துப்போயினர். 1959இல் மட்டையின் தன்மையைக் கட்டுப்படுத்தும் விதி வந்தது. இறப்பரும் பஞ்சும் சேர்ந்த படை 4 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. ஆயினும் பஞ்சின் யுகம் பிறந்துவிட்டது. சுழற்சி பன்மடங்கு பெருகிற்று.

1970ஆம் ஆண்டுகளில் மற்றொரு தந்திரம் பரவிற்று. மட்டையின் ஒரு பக்கத்தில் மிகுந்த சுழற்சி தரும் இறப்பரையும், மறுபக்கத்தில் சுழற்சியே தராத இறப்பரையும் ஒட்டி, இரண்டும் ஒரே நிறமாக இருக்கச் செய்தனர். மட்டையைக் கையிற் சுழற்றிச் சுழற்றி ஆடும்போது, எப்பக்கத்தால் பந்து அடிக்கப்பட்டது என்பதை எதிரி கண்டறிய இயலாது போயிற்று. ஒலி வேறுபாட்டைக் கேட்டு அறிய முயன்றோரும் இருந்தனர். அவ்வொலியையும் மறைக்கப் பந்தை அடிக்கும் கணத்திலே காலால் தரையை ஓங்கி மிதித்தோரும் இருந்தனர். 1983இல் இரு பக்கங்களும் வெவ்வேறு நிறமாக இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பின்னர் ஒன்று கறுப்பு, மற்றொன்று சிவப்பு என நிலைபெற்றது. 2021இலிருந்து கறுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் வேறு சில நிறங்களும் அனுமதிக்கப்படுகின்றன.

இவ்வரலாற்றை நான் விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. எதிரியிடமிருந்து சுழற்சியை மறைக்கும் கலை வளர வளர, அது துணைவனிடமிருந்தும் மறைந்தது. எதிரே நிற்பவன் காணாததைப் பக்கத்தில் நிற்பவன் மட்டும் காண்பது எவ்வாறு? திறமையாக மறைப்பவனுக்குத் தன் கூட்டாளியிடம் உண்மையைச் சொல்ல ஒரு தனி வழி தேவைப்பட்டது. மறைப்பு எத்துணை ஆழமாயிற்றோ, சைகையும் அத்துணை இன்றியமையாததாயிற்று.

சைகைகள் எவை எனக் கேட்பீர்கள். எங்கும் பொதுவான அகராதி ஒன்று இல்லை. பெருவிரல் மேல்நோக்கினால் மேற்சுழற்சி, கீழ்நோக்கினால் கீழ்ச்சுழற்சி, மூடிய முட்டி சுழற்சியில்லாப் பந்து, ஒரு பக்கம் நீட்டிய விரல் அப்பக்கச் சுழற்சி என்பன பலரும் கையாளும் முறைகள். குறுகிய பந்துக்கும் நீண்ட பந்துக்கும் வேறு விரல்கள் உண்டு. பந்தை ஏற்கும் அணியினரும் வாளாவிருப்பதில்லை. தாம் பந்தை எவ்விடத்துக்குத் திருப்பக் கருதுகின்றனர் என்பதை அவர்களும் தம் துணைவருக்குக் காட்டுவதுண்டு. ஒவ்வொரு இணையும் தனக்கென ஒரு சிறு மொழியை ஆக்கிக்கொள்கின்றது. மேசையின் உயரம் 76 சென்ரிமீற்றர். அம்மேசைப் பலகையே திரையாக நின்று எதிரிகளின் பார்வையைத் தடுக்கின்றது. இன்று வீரர்களின் பின்னே வைக்கப்பட்ட தொலைக்காட்சிக் கருவியின் வழியாக உலகெங்கும் உள்ளோர் அவ்விரலைக் காண்கின்றனர். காணாதவர் எதிரே நிற்கும் இருவரே!

மற்றுமொரு சிறப்பு உண்டு. 2001ஆம் ஆண்டுவரை ஓர் ஆட்டம் 21 புள்ளிகளைக் கொண்டது. 5 புள்ளிகளுக்கு ஒரு முறை தொடக்கும் உரிமை கைமாறும். 2001இலிருந்து ஆட்டம் 11 புள்ளிகளாகவும், உரிமை 2 புள்ளிகளுக்கு ஒரு முறை கைமாறுவதாகவும் மாற்றப்பட்டது. நால்வரும் முறைவைத்துத் தொடக்குவர். எனவே இன்று சைகை காட்டுபவன் சிறிது நேரத்தில் சைகையைப் பார்ப்பவன் ஆகின்றான். எப்பொழுதும் கட்டளையிடுபவன் ஒருவன், எப்பொழுதும் கேட்டு நடப்பவன் ஒருவன் என்ற நிலை அங்கில்லை.

இனி ஒரு வினா எழுகின்றது. இவ்வாறு மறைவாகச் சைகை காட்டுவது நேர்மையா? பாடசாலைப் பிள்ளைகள் என்னிடம் கேட்ட வினா இது. விளையாட்டில் ஒளிவுமறைவு கூடாது என்று நாமே போதித்துவிட்டு, இதனை எவ்வாறு ஒப்புவது?

விதியே இதற்கு விடை பகர்கின்றது. தொடக்கப் பந்து விரித்த உள்ளங்கையிலிருந்து குறைந்தது 16 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நேராக மேலெழ வேண்டும். 2002ஆம் ஆண்டில் வந்த விதியின்படி, பந்து எழுந்த கணம் முதல் அடிக்கப்படும் கணம் வரை, தொடக்குபவரின் உடலோ உடையோ அதனை எதிரியின் பார்வையிலிருந்து மறைத்தல் ஆகாது. அதற்கு முன்னர், தோளாலும் கையாலும் பந்தை மறைத்து அடிப்பது பெரு வழக்காக இருந்தது. ஆக, செயலை மறைத்தல் குற்றம். ஆனால் கருத்தை மறைத்தல் குற்றமன்று. ‘நான் என்ன செய்யப்போகின்றேன்’ என்பதை எதிரிக்கு அறிவிக்க எவரும் கடமைப்பட்டவரல்லர்; ‘நான் செய்வதைப் பார்’ என்று அவர்முன் திறந்து காட்டவே கடமைப்பட்டுள்ளனர். மேசைக்கு மேலே எல்லாம் வெளிச்சமாக நடக்கும்வரை, மேசைக்குக் கீழே இரு நண்பர் கலந்து பேசுவதை விதி தடுப்பதில்லை. மட்டையின் நிறம், திறந்த உள்ளங்கை, மறைக்கப்படாத பந்து என்று விதிகள் ஒவ்வொன்றாகத் தோன்றிய வரலாறு முழுவதும் இந்த எல்லைக்கோட்டை வரைந்த வரலாறே எனலாம்.

இருவர் ஒருவராக ஆடுதல் எத்துணை அரியது என்பதற்கு இரு நிகழ்ச்சிகளைக் கூறுவேன்.

1991ஆம் ஆண்டில் யப்பானின் சீபா நகரில் உலகப் போட்டி நடைபெற்றது. பிரிவுபட்டுப் பகைத்து நின்ற வட கொரியாவும் தென் கொரியாவும் அப்போட்டிக்கு ஒரே அணியை அனுப்பின. வெண்மையான கொடியில் நீல நிறத்திற் கொரியத் தீபகற்பம் வரையப்பட்டிருந்தது. தெற்கைச் சேர்ந்த ஹியுன் ஜுங் ஹுவாவும் வடக்கைச் சேர்ந்த லி புன் ஹுயியும் இரட்டையராக நின்றனர். இரு பகுதியாரின் தாய்மொழியும் ஒன்றே. ஆயினும் பல்லாண்டுப் பிரிவினால் சொற்கள் வேறுபட்டுவிட்டன. தெற்கே ஆட்டச் சொற்களை ஆங்கிலத்திலிருந்து எடுத்து வழங்கினர். வடக்கே தம் மொழியிலேயே புதுச் சொற்களை ஆக்கி வழங்கினர். அத்தகைய இருவர் ஒரு மேசையின் ஒரே பக்கத்தில் நின்று, முறைவைத்து ஒரே பந்தை அடிக்க வேண்டியவராயினர். பெண்கள் அணியின் இறுதிப் போட்டியில் அவர்கள் எதிர்கொண்டது, தொடர்ந்து 8 முறை அக்கிண்ணத்தை வென்றிருந்த சீனாவை. இரட்டையர் ஆட்டத்தில் அவ்விருவரும் தோற்றனர் என்பதையும் மறைக்காது கூறுதல் வேண்டும். ஆயினும் வடக்கைச் சேர்ந்த யு சுன் பொக் தம் இரு ஒற்றையர் ஆட்டங்களையும், ஹியுன் ஓர் ஆட்டத்தையும் வென்றமையால், கொரிய அணி 3க்கு 2 என்ற கணக்கில் வாகை சூடியது. போட்டி முடிந்ததும் அவர்கள் எல்லையின் இரு பக்கங்களுக்கும் பிரிந்து சென்றனர்.

மற்றைய நிகழ்ச்சி அண்மைக் காலத்தது. இரட்டையர் ஆட்டம் 1988 சியோல் ஒலிம்பிக் விழாவில் தொடங்கி 2004 வரை தனிப் போட்டியாக இடம்பெற்றது. பின்னர் அணிப்போட்டியின் ஒரு பகுதியாக மாத்திரம் சுருங்கிற்று. டோக்கியோ விழாவிற் கலப்பு இரட்டையர் ஆட்டம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. கொள்ளை நோயினால் ஓராண்டு பிந்தி 2021இல் நடந்த அவ்விழாவில், ஆட்ட மண்டபத்திற் பார்வையாளர் இல்லை. மெல்லப் பேசினும் எதிரே கேட்கும் அமைதி. அங்கே யப்பானின் ஜுன் மிசுத்தானி, மிமா இத்தோ என்னும் இருவர் ஆடினர். இருவரும் இவாத்தா என்னும் ஒரே ஊரினர். அவருக்கு வயது 32, இவருக்கு 20. அவர் இடக்கையர், இவர் வலக்கையர். காலிறுதியில் ஜேர்மன் இணைக்கு எதிராகக் கடைசி ஆட்டத்தில் 2க்கு 9 எனப் பின்தங்கி நின்றும், இறுதியில் 16க்கு 14 என மீண்டெழுந்தனர். இறுதிப் போட்டியில், 2019இன் உலகப் பட்டத்தை வென்றிருந்த சீனாவின் சு சின், லியு ஷிவென் இணையிடம் முதல் இரு ஆட்டங்களையும் இழந்தனர். பின்னர் 4க்கு 3 என வென்று, மேசைப்பந்தாட்டத்தில் யப்பானின் முதலாவது ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தைப் பெற்றனர். 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் விழாவில் ஆண்கள், பெண்கள் இரட்டையர் ஆட்டங்கள் மீண்டும் இடம்பெறும் என 2025இல் அறிவிக்கப்பட்டது.

இறுதியாக, நான் கண்ட ஒரு சிறு காட்சி. எம் பாடசாலை மாணவர் இருவர் ஒரு போட்டியின் கடைசிப் புள்ளியில் நின்றனர். தொடக்கும் மாணவன் விரலால் ஏதோ காட்டினான், துணைவன் தலையசைத்தான். ஆனால் பந்து சற்றே நீண்டு விழுந்தது. எதிரி அதனை வேகமாக அடித்தான். துணைவன் முன்னே குனிந்து காத்திருந்த வேளையிற் பந்து அவன் தோளைக் கடந்து சென்றது. ஆட்டம் தோற்றது. பார்த்திருந்தோர் அனைவரும் பந்தைத் தவறவிட்டவனையே குறைகூறினர். அவன் ஒரு வார்த்தையும் மறுத்துரைக்கவில்லை. சற்று நேரங் கழித்து மற்றவன் என்னிடம் வந்தான். “ஐயா, பிழை அவனுடையதன்று. நான் காட்டியது ஒன்று, போட்டது வேறொன்று. அது எங்கள் இருவருக்குந்தான் தெரியும்” என்றான்.

சைகையின் முழுப் பொருளும் அன்று எனக்கு விளங்கிற்று. விரலால் ஒன்றைக் காட்டுவது ஒரு வாக்குறுதி. அதனை நம்பி மற்றொருவன் தன் கால்களை நகர்த்தி வைக்கின்றான். வாக்கு பொய்த்தால், வெளியுலகம் பழிப்பது நம்பியவனையே, சொன்னவனை அன்று. சாட்சியே இல்லாத அவ்விடத்தில், தானே முன்வந்து உண்மையை உரைத்தான் அம்மாணவன். அடுத்த போட்டியிலும் அவ்விருவரும் ஒன்றாகவே ஆடினர். அவன் காட்டிய விரலை அவன் தோழன் முன்போலவே நம்பினான்.

இனி ஒரு முறை இரட்டையர் ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், பந்து எழுவதற்கு முன் மேசையின் கீழே ஒரு கணம் நோக்குங்கள்.